நெட்டுக்குப் போகாத கால்கள்

பெண்கள் அணிப் போட்டியில் இரட்டையர் ஆட்டம் தொடங்கியதும் கேலரியிலிருந்து எழும் முதல் குரல் பெரும்பாலும் ஒன்றுதான்: "முன்னாடி போம்மா!" கூட ஆடுபவர் எதிரணியின் முதல் சர்வை வாங்கக் காத்திருக்கிறார். இவர் வழக்கம்போல் சர்வீஸ் கோட்டுக்கு வந்து நிற்பதில்லை. பேஸ்லைனிலேயே, கூட்டாளிக்குச் சமமாக, ராக்கெட்டைத் தாழ்த்திப் பிடித்தபடி நிற்கிறார். பார்க்கிறவர்களுக்குப் பொறுப்பதில்லை. நுங்கம்பாக்கம் கேலரியில் உட்காரும் கூட்டத்தில் பாதிப் பேர் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கத்துக் கிளப்களில் சாயங்காலம் தவறாமல் இரட்டையர் ஆடுகிறவர்கள். நெட்டைப் பிடித்தவர் கையில் ஆட்டம் என்பது அவர்கள் முதல் நாளே கற்ற பாடம். ஆகவே பின்னால் நிற்கும் இந்த வீராங்கனை அவர்கள் கண்ணுக்குப் பயந்தவராகத் தெரிகிறார். வர்ணனையிலும் அதே தீர்ப்புதான் வருகிறது: தற்காப்பு ஆட்டம், தன்னம்பிக்கை போதாது, வாலி வராது. பெயர் சொல்ல வேண்டியதில்லை. நம் பெண்கள் டென்னிஸைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு யாரென்று தெரியும். அணிப் போட்டிக்கு நம்மிடம் இருப்பவர்களில் மிகவும் பயனுள்ளவர் அவர்தான் என்பது என் கட்சி. அவரைத் தவறாகப் படிப்பதில் ரசிகர்களைவிடப் பெரிய நஷ்டம் அணியைத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகிகளுக்குத்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் கோர்ட்டின் கணக்கைப் பார்ப்போம். நெட்டிலிருந்து சர்வீஸ் கோடு 21 அடி, பேஸ்லைன் 39 அடி. இடையில் இருப்பது 18 அடி. எதிரணியின் முதல் சர்வ் நன்றாக விழுந்தால் ரிட்டர்ன் பெரும்பாலும் பலவீனமாகத்தான் திரும்பும். அந்தப் பந்தை நெட்டை ஒட்டி நிற்கும் எதிராளி குறுக்கே பாய்ந்து வெட்டுவார். வெட்டிய பந்து போகும் இடம் எது? சர்வீஸ் கோட்டில் நிற்பவரின் காலடி. அங்கே நிற்பவருக்கு ராக்கெட்டைத் திருப்பக்கூட நேரம் கிடைக்காது. 18 அடி பின்னால் நின்றால் அதே பந்து ஒரு துள்ளலுக்குப் பிறகு வருகிறது. கால் நகர நேரம் இருக்கிறது, தூக்கி லாப் அடிக்க இடம் இருக்கிறது. முன்னால் நின்றிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும் புள்ளி இன்னும் இரண்டு ஷாட்டுக்கு உயிரோடு இருக்கிறது. எதிரணியில் வெட்டியவருக்கும் இது தெரியும். வெறும் தரையைக் குறிபார்த்து அடித்து முடித்துவிடலாம் என்ற நிம்மதி அவருக்குப் போய்விடுகிறது. ஆட்டத்தின் முதல் அரைமணி நேரத்தில் இதன் பலன் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது செட்டின் நடுவில் வெட்டுகிற பந்துகள் நெட்டில் மாட்டத் தொடங்கும்போது தெரியும்.

இந்த வீராங்கனை எல்லாப் பந்துக்கும் பின்னால் நிற்பவர் அல்ல என்பதைத்தான் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள். முதல் சர்வ் தவறியதும் அவர் கால்களைப் பாருங்கள். சர்வ் செய்பவர் இரண்டாவது பந்தைக் கையில் எடுப்பதற்குள் அவர் இரண்டு மூன்று எட்டு முன்னால் வந்திருப்பார். சில சமயம் சர்வீஸ் கோடு வரைக்கும் வந்துவிடுவார். பெண்கள் ஆட்டத்தில் இரண்டாம் சர்வ் அடி வாங்கும் பந்து. ரிட்டர்ன் பலமாகப் போகும் என்று தெரிந்தால் முன்னால் நிற்பதில் லாபம் உண்டு. முதல் சர்வுக்குப் பின்னால், இரண்டாம் சர்வுக்கு முன்னால் என்று இடம் மாறுகிற கால்களைப் பயந்த கால்கள் என்று எப்படிச் சொல்வது? சர்வ் செய்பவரின் பந்து அன்று எவ்வளவு கனமாக வருகிறது, தன் கூட்டாளி பேக்ஹேண்டில் எவ்வளவு திணறுகிறார், எதிராளி நெட்டில் எந்தப் பக்கம் சாய்கிறார் என்ற மூன்றையும் எடைபோட்டு ஒவ்வொரு பந்துக்கும் எடுக்கும் முடிவு அது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொடாமல் விடும் பேட்ஸ்மேனுக்குச் சேப்பாக்கத்தில் கைதட்டுகிற ஊர் இது. அதே கண்ணோடு நுங்கம்பாக்கத்திலும் பார்க்கலாம்.

அணிப் போட்டியில் இந்த முடிவுக்கு ஏன் இவ்வளவு எடை? போட்டியின் அமைப்பு அப்படி. ஆண்களுக்கு டேவிஸ் கோப்பை 1900இலேயே வந்துவிட்டது. பெண்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஹேசல் ஹாட்ச்கிஸ் வைட்மன் 1919இல் யோசனை சொன்னார். யாரும் காது கொடுக்கவில்லை. மேரி ஹார்ட்விக் ஹேர் ஆதரவுகளைத் திரட்டி அறிக்கை தயாரித்து, நெல் ஹாப்மன் விடாமல் வற்புறுத்திய பிறகுதான் சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் தன் 50ஆம் ஆண்டான 1963இல் லண்டன் குவீன்ஸ் கிளப்பில் 16 அணிகளோடு ஃபெடரேஷன் கோப்பையைத் தொடங்கியது. கோப்பை பிறந்ததே விடாப்பிடியான நிர்வாக வேலையால்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பின்னால் அதற்கு வருகிறேன். தொடக்கத்தில் இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர் என்று மூன்றே ஆட்டங்கள். 1995இல் உச்சப் பிரிவுகளில் நான்கு ஒற்றையர், ஒரு இரட்டையர் என்று ஐந்தாக மாறியது. ஒரு நாட்டில் உலகத்தரமான ஒற்றையர் வீராங்கனை ஒருவர் இருந்தால் அவரே இரண்டு வெற்றிகளைக் கொண்டுவந்துவிடுவார். இரட்டையர் பல சமயம் வாலாக நின்றது. 2020 செப்டம்பரில் பில்லி ஜீன் கிங் கோப்பை என்று பெயர் மாறிய இந்தப் போட்டி இன்று இறுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களுக்கே திரும்பிவிட்டது. நாம் ஆடும் ஆசிய ஓஷியானியா மண்டலத்தில் எப்போதுமே மூன்றுதான். எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் ஒற்றையரில் ஒரு வெற்றிக்கு மேல் தர முடியாது. மிச்சம் ஒன்றை வேறு எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். அது இரட்டையரிலிருந்து வருவதற்கான வாய்ப்பை ஐந்தில் ஒன்று என்ற பழைய மனக்கணக்கில் இன்னும் பார்க்கிறோம்.

நம் அணியின் அனுபவமே சாட்சி. 2020 மார்ச்சில் துபாயில் முதல்முறையாக மண்டலத்தைத் தாண்டி ப்ளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றபோது, கடைசி நாளின் மோதல் 1-1 என்று நின்று இரட்டையரில்தான் தீர்ந்தது. 2025 ஏப்ரலில் புனேவில் ஆறு அணிகள் மோதி முதல் இரண்டு அணிகள் மேலே போகும் வாரத்தில் நாம் மறுபடி அந்த வாசலைத் தாண்டினோம். அதே ஆண்டு நவம்பர் நடுவில் பெங்களூரில் மூன்று அணிகள் மோதிய ப்ளே-ஆஃபில் தாண்ட முடியவில்லை. முடிவுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றுக்குப் பின்னால் நடக்கும் வேலையை யோசியுங்கள். மண்டலச் சுற்றில் முதலில் இரண்டாம் நிலை ஒற்றையர் வீராங்கனைகள் ஆடுவார்கள், அடுத்து முதல் நிலை, கடைசியில் இரட்டையர். இரட்டையர் ஜோடியின் பெயர்களைக் காலையிலேயே கொடுத்திருந்தாலும், இரண்டாவது ஒற்றையர் முடிந்த சில நிமிடங்களுக்குள் கேப்டன் மாற்றிக்கொள்ளலாம். 1-1 என்று நிற்கும்போது அந்தச் சில நிமிடங்களில் எழுதப்படும் இரண்டு பெயர்கள்தான் அந்த நாள். இப்போதுதான் ஒற்றையர் முடித்து வியர்வையோடு வந்த முதல் நிலை வீராங்கனையை மறுபடி இறக்குவதா, காலையிலிருந்து காத்திருக்கும் இரட்டையர்க்காரரை நம்புவதா? துபாயில் முதல் நிலை வீராங்கனையே இரண்டையும் ஆடி வென்றாரே என்பார்கள். உண்மைதான், அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் மனம் வராது. அவர் பக்கத்தில் இரட்டையர் ஆட்டத்தின் ஆழம் தெரிந்த ஒருவர் நின்றார் என்பதையும் மறக்கக் கூடாது. ஐந்து நாளில் பத்து ஆட்டங்களை ஒரே உடலின் தலையில் ஏற்றுவதை ஒவ்வோர் ஆண்டுக்கும் திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது.

இங்கேதான் நம் பேஸ்லைன் வீராங்கனையின் மதிப்பு கூடுகிறது. உலகின் சிறந்த இரட்டையர் ஜோடிகள் எல்லாம் நெட்டைத் தாக்கித்தானே ஜெயிக்கின்றன என்பது இவருக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம். கிராண்ட்ஸ்லாம் ஜோடிகள் ஆண்டு முழுவதும் சேர்ந்து ஆடுகின்றன. யார் குறுக்கே போவது, யார் பின்னால் மூடுவது என்பது முதுகுக்குப் பின்னால் காட்டும் விரலிலேயே முடிந்துவிடும். நம் அணியில் சேரும் இருவர் வேறு வேறு ஊர்களில், வேறு வேறு கூட்டாளிகளோடு ஆடிவிட்டு அந்த ஒரு வாரம்தான் சந்திக்கிறார்கள். ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் நிற்கும் அமைப்பில் ஒவ்வொரு பந்துக்கும் இருவரும் ஒரே முடிவை எடுத்தாக வேண்டும். பழக்கம் இல்லாத ஜோடி உடைவது அங்கேதான், நடுவில் போகும் பந்தை இருவரும் பார்த்துக்கொண்டே விடுவதும் அங்கேதான். இருவரும் பின்னால் நின்றால் பந்து இருவருக்கும் முன்னால் இருக்கிறது, எதிராளிகளும் முன்னால் இருக்கிறார்கள். பேச்சு குறைந்தாலும் குழப்பம் வராது. இன்னொன்றும் உண்டு. சுற்றுப் போட்டிகளின் இரட்டையரில் டியூஸ் வந்தால் ஒரே புள்ளியில் கேம் முடியும். அணிப் போட்டியில் அட்வான்டேஜ் உண்டு. கேம்கள் நீள்கின்றன. நீளும் கேமில் ஒரு பந்தை மட்டும் பளிச்சென்று அடிப்பவரைவிட, சர்வ் செய்பவரை எட்டு முறை, பத்து முறை மறுபடி மறுபடி சர்வ் செய்ய வைப்பவருக்கே லாபம். சுற்றுப் போட்டியின் குறுகிய கணக்கில் சுமாராகத் தெரியும் ஆட்டம் இங்கே கனம் பெறுகிறது.

குறைகள் இல்லை என்று சொல்ல மாட்டேன். பின்னால் நிற்கும் ஜோடிக்கு எதிராக டிராப் வாலியும் குட்டைக் கோணமும் நன்றாக வேலை செய்யும். மென்மையான கை உள்ள எதிராளி கிடைத்தால் இவர் ஓடி ஓடித் தேய்வார். தாழ்ந்து வழுக்கும் வேகமான தரையில் லாப் அடிக்க நேரமே கிடைக்காது. உயரமும் ஒரு சிக்கல். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்று மெலிந்தது, பந்து பறக்கும். சென்னையில் கோட்டுக்கு உள்ளே இறங்கும் லாப் அங்கே வெளியே போய் விழும். அப்படிப்பட்ட இடத்தில் இவரைக் கட்டாயம் இறக்கித்தான் ஆக வேண்டும் என்று அடம் பிடிப்பது என் வேலை அல்ல. எந்த ஊரில், எந்தத் தரையில், யாருக்கு எதிராக இவர் ஆயுதம் ஆவார் என்று தெரிந்த ஒருவர் அணி அறையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அந்த ஒருவர் யார்? கேப்டன் என்று உடனே பதில் வரும். கேப்டன் கோர்ட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பக்கம் மாறும் 90 விநாடிகளில் பேசலாம். அணிப் போட்டியின் அழகே அது. ஆனால் கேப்டனால் கையில் இருக்கும் அதிகபட்சம் ஐந்து பேரிலிருந்துதான் எடுக்க முடியும். அந்த ஐந்து பேர் யார், அவர்கள் எத்தனை நாள் முன்னதாக ஒன்றுகூடுகிறார்கள், யாரோடு யார் சேர்ந்து பயிற்சி எடுக்கிறார்கள், நம் ஊரில் நடந்தால் எந்த நகரம், எந்தத் தரை என்பதெல்லாம் பல வாரங்களுக்கு முன்பே சங்கத்து மேசையில் முடிவாகிவிடும். நிர்வாகி முடிவெடுக்கிறவர். அணியோடு சர்வதேசப் போட்டிக்குப் போகும் நிர்வாகியைச் சும்மா வந்துபோகும் விருந்தாளியாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. கோட்டும் அடையாள அட்டையுமாகத் தொடக்க விழாவில் நிற்பவர் என்று. அந்தப் பார்வையும் தவறு, அதற்கு இடம் கொடுத்து அப்படியே நடந்துகொள்வதும் தவறு. கேப்டன்கள் கூட்டம், பயிற்சிக் கோர்ட் நேரம், ராக்கெட் நரம்பு கட்டுபவர், பிசியோ, விசா என்று அவருக்கு ஆயிரம் வேலை உண்டு. அவை எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை கோர்ட் ஓரம் உட்கார்ந்து பார்ப்பது. காகிதத்தில் வராத விஷயத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வர அந்த அறையில் வேறு ஆள் இல்லை.

தரவரிசை இருக்கிறதே, அதைவிட நேர்மையான அளவுகோல் உண்டா என்று கேட்பார்கள். ஒற்றையருக்கு ஓரளவு சரி. இரட்டையரில் ஆடுவது ஜோடியாக, தரவரிசை எண்ணுவது தனி ஆளாக. ஒருவர் சேர்த்த புள்ளிகளில் யாரோடு ஆடினார், எந்தப் பக்கம் நின்றார், கூட்டாளியின் பலவீனத்தை எப்படி மூடினார் என்பது ஒன்றும் இருக்காது. நல்ல சர்வ் உள்ள கூட்டாளியோடு ஏறிய எண்ணும், தடுமாறும் கூட்டாளியைத் தாங்கிப் பிடித்துச் சேர்த்த எண்ணும் பட்டியலில் ஒன்றுபோலத்தான் தெரியும். நம் வீராங்கனை இரண்டாவது வகை. அவரோடு ஆடும்போது கூட்டாளிகளின் ரிட்டர்ன் தைரியமாகிறது. அடி தவறினாலும் பின்னால் ஆள் இருக்கிறது என்ற தெம்பு. அது யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. எதிரணியின் முதல் சர்வுக்கு இவர் எங்கே நின்றார், அந்தப் புள்ளி எத்தனை அடி நீண்டது, யார் கையில் முடிந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வாரம் எழுதினால் போதும். தேர்வுக் குழுவின் அடுத்த கூட்டத்தில் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

நிர்வாகி ஆட்டத்தில் தலையிட்டால் நாசம்தான் மிஞ்சும், அதற்கு உதாரணம் நம் விளையாட்டில் ஏராளம் என்ற ஆட்சேபம் நியாயமானது. 1-1 என்று நிற்கும்போது கேப்டனின் காதில் போய்ப் பெயர் சொல்லும் நிர்வாகி எனக்கும் வேண்டாம். பார்ப்பது வேறு, தலையிடுவது வேறு. போட்டி வாரத்தில் வாயைத் திறக்காமல் பார்த்துவிட்டு, அடுத்த அணித் தேர்வில் பேசும் நிர்வாகியைத்தான் கேட்கிறேன். அந்தக் காலத்துப் பெண்கள் சம்மேளனத்தின் கதவைத் தட்டியது ஒரு கோப்பைக்காக. அறிக்கையும் ஆதாரமும் கையில் இருந்ததால்தான் கதவு திறந்தது. இன்றைய நிர்வாகிகளும் அப்படிப்பட்ட வீட்டுப்பாடத்தோடு அறைக்குள் வரட்டும்.

சென்னைக்கு இதில் ஒரு தனிப்பங்கு இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஊர்ப்பாசம் என்றால் அப்படியே இருக்கட்டும். நுங்கம்பாக்கம் மைதானத்தில் 1997 முதல் 2017 வரை ஆண்கள் சுற்றுப் போட்டி நடந்தது. பெண்கள் சுற்றுப் போட்டி 2022 செப்டம்பரிலும் 2025 அக்டோபர் கடைசியிலும் வந்தது. கடல் மட்டத்து ஊர். ஈரக் காற்றில் பந்து சீக்கிரம் உப்பி மெதுவாகிறது. மதியம் தாண்டினால் கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். வடக்கு தெற்காகப் போட்ட கோர்ட்டுகளில் அது பக்கவாட்டில் குறுக்கே வீசும். அந்தக் காற்றில் லாபை எந்தத் தோளுக்கு மேலே போட வேண்டும் என்பது இங்கே வளர்ந்தவர்களுக்குக் கையோடு வந்த அறிவு. அடியின் வலிமையைவிடத் தொடுகையின் நுணுக்கத்தை மதிக்கும் டென்னிஸ் இந்த ஊருடையது. நம் பேஸ்லைன் வீராங்கனையின் ஆட்டமும் அந்தப் பள்ளியைச் சேர்ந்ததுதான். உள்ளூரில் ஒரு ப்ளே-ஆஃப் மோதலை நடத்தும் வாய்ப்பு மறுபடி கிடைத்தால், எதிரணியில் உயரமும் வேகமான சர்வும் உள்ளவர்கள் வரும்போது, பந்து பறக்காத ஊரைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகியின் கையில் இருக்கும் நியாயமான ஆயுதம். அந்த ஆயுதத்தை எடுக்க வேண்டும் என்றால் முதலில் அது ஆயுதம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இனி என் கணிப்புகள். வரும் மண்டலச் சுற்றுகளில் நம் மோதல்களில் பாதிக்கு மேல் மூன்றாவது ஆட்டத்துக்குப் போகும். நம் ஒற்றையர் பலமும் மற்ற நாடுகளின் ஒற்றையர் பலமும் இன்று அவ்வளவு நெருக்கம். முதல் நிலை வீராங்கனையையே தினமும் இரட்டையருக்கும் இறக்கும் அணிகள், அது நாமாக இருந்தாலும் சரி, நான்காம் நாள் சாயங்காலம் கால் ஓய்ந்து ஒரு மோதலைக் கைவிடும். ஐந்து பேரில் இருவரை இரட்டையருக்கென்றே எடுத்து, இரண்டு வாரம் முன்பே சேர்த்துவைத்துப் பழக்கும் அணி மண்டலத்தைத் தாண்டும். முதல் சர்வுக்கு இருவரும் பின்னால் நிற்கும் அமைப்பை இன்று சிரித்துப் பார்க்கிறவர்கள் மூன்று ஆண்டுக்குள் அதைச் சாதாரண விஷயமாகப் பேசுவார்கள். பயிற்சி முகாம்களில் பதினைந்து வயதுப் பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பார்கள். நம் வீராங்கனை அடுத்த அணியில் ஐந்தாவது பெயராக, பலரின் முணுமுணுப்புக்கு நடுவே இடம் பெறுவார். முதல் இரண்டு நாள் உட்கார வைக்கப்படுவார். மூன்றாவது நாள் 1-1இல் கேப்டன் அவர் பெயரை எழுதுவார், முதல் செட் போய்விடும், கேலரி அதே குரலை எழுப்பும். அந்த ஆட்டத்தை அவர் மூன்று செட்டில் ஜெயிப்பார்.